தனிப்பட்டது, 46 கி.மீ.

கடற்காற்று கதவைத் தள்ளும் ஓல்டன்பர்க்கில்
சம்பளப் பிரிவின் இரண்டாவது மேசை என்னுடையது.
பல் மருத்துவர்களுக்கு நாற்காலி விற்கும் கம்பெனி.
விற்பவர்கள் பதினொருவர், கார்கள் பதினொன்று,
மாதக் கடைசியில் என் முன்னால்
அவர்கள் ஓடிய தூரமெல்லாம்.

சட்டம் எளிது என்று புதியவர்களிடம் சொல்வேன்.
பொய்தான்.
கம்பெனி கார் இரவில் உன் வாசலில் தூங்கினால்
அதுவும் சம்பளம்.
பட்டியல் விலையில் நூற்றுக்கு ஒன்று, மாதாமாதம்.
நாற்பத்து மூவாயிரத்து எண்ணூறு யூரோ வண்டிக்கு
நானூற்று முப்பத்தெட்டு.
வீடு முப்பத்தொரு கிலோமீட்டர் தள்ளி என்றால்
இன்னுமொரு நானூற்று ஏழு.
கைக்கு வராத பணம், வரிக்கு மட்டும் வரும்.
தள்ளுபடியில்தானே வாங்கினோம் என்றால் காதில் விழாது;
வண்டிக்கு வயதாகிப் பல் ஆடினாலும்
வரி அது பிறந்தநாள் விலைக்குத்தான்.

வேண்டாமென்றால் பயண ஏடு.
அன்றன்றைக்கே எழுது,
தைத்த நோட்டில் எழுது, உதிரித் தாள் செல்லாது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

ஹப்போவின் ஏட்டில் நான்கு மாதம் ஒரே பேனா, ஒரே சாய்வு.
ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பிறந்த நான்கு மாதம்.
தணிக்கைக்கு வந்த அம்மாள் இரண்டு பக்கம் புரட்டினார், மூடினார்.
ஹப்போ நூற்றுக்கு ஒன்றுக்குத் திரும்பினான்.

உல்ஃபெர்ட் தியார்க்ஸின் ஏடு அப்படியல்ல.
பேனா தீர்ந்த இடத்தில் பென்சில்.
எம்டனுக்கும் லேயருக்கும் நடுவே
தேநீர்க் கோப்பை வைத்த பழுப்பு வட்டம்.

அலுவல் என்றால் எல்லாம் சொல்ல வேண்டும்,
எங்கே, யாரை, எதற்கு.
"நோர்டன். டாக்டர் பூர்மா. நாற்காலி இறங்க மறுக்கிறது."
தனிப்பட்டது என்றால் எண் மட்டும் போதும்.
வரிச் சட்டத்துக்கும்
கண்ணைத் திருப்பிக்கொள்ளும் ஓர் இடம் இருக்கிறது.

வியாழன்தோறும்: தனிப்பட்டது, 46.
புயல் எச்சரிக்கை வந்த வியாழனும் 46.
போக இருபத்து மூன்று, வர இருபத்து மூன்று.
ஒரு மாலை, எல்லோரும் போன பிறகு,
வரைபடத்தில் கவராயம் வைத்து வட்டம் போட்டேன்,
ஒப்புக்கொள்கிறேன்.
ஒரு நீச்சல் குளம், ஒரு சிறை, ஒரு பாடகர் குழு,
மாடுகள், மாடுகள்,
பெயர் தெரியாத ஆயிரம் சன்னல்கள்.
அழித்துவிட்டு
கூட்டலை முடித்தேன்.

அக்டோபரில் திங்கள் 46. செவ்வாய் 46. புதன் 46.
சனி 23.
ஞாயிறு 23.
அப்புறம் வியாழன்கள் வெறும் வியாழன்கள்.

ஜனவரியில் வந்தார், கார் வேண்டாம், படி கொடுங்கள் என்று.
நான் காகிதம் எடுத்தேன்.
படி அறுநூறு என்று வைத்துக்கொள்ளுங்கள், அது முழுக்கச் சம்பளம்,
வரியும் காப்பீடும் கடித்தது போக முந்நூற்றுச் சொச்சம்.
அதில் தவணை, பெட்ரோல், டயர், பனிக்காலத்துக்கு வேறு டயர்.
மின்சாரக் கார் எடுங்கள், நூற்றுக்குக் கால்தான்,
முட்டாள்கூட வேண்டாமென்று சொல்லமாட்டான்.

அவர் என் எண்களைக் கடைசிவரை பார்த்தார்.
மரியாதையாகத்தான்.
"படி வாங்கினால் ஏதாவது எழுத வேண்டுமா?"
அலுவல் பயணத்துக்குக் கணக்கு கேட்டால் உண்டு, என்றேன்.
"மற்றதற்கு?"
மற்றதற்கு ஒன்றுமில்லை.
"அப்படியென்றால் படி."

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள்.
கனம் இருந்தால் என்ன செய்வதென்று
யாரும் சொல்லி வைக்கவில்லை.

மாதம் இத்தனை யூரோ நஷ்டம் என்று
எனக்குச் சென்ட் வரை தெரியும்.
அதைக் கொடுத்து அவர் வாங்கியது
எந்தப் பத்தியில் வரும் என்று தெரியவில்லை.

மார்ச்சில் பழைய பச்சை ஓப்பல் ஒன்று
வாகனத் திடலில் நின்றது.
வியாழன், மணி ஐந்து.
சன்னலோரம் நான் காபியோடு.
வீட்டுக்கு அவர் வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

இடப்பக்கம் விளக்கு மினுக்கியது.